அடக்கி வாசிக்கத் தெரிந்த ஏழு பேர்: ‘ஆன்ட்ஸ் ஃப்ரம் அப் தேர்’

ஏழு பேர் இருக்கும் ராக் குழுவுக்கு முதல் ஆபத்து, ஏழு பேரும் எந்நேரமும் வாசித்துக்கொண்டிருப்பதுதான். இரண்டு கிதார், பேஸ், டிரம்ஸ், கீபோர்டு, வயலின், சாக்ஸபோன் எல்லாம் ஒன்றாக ஒலித்தால் ஐந்தாவது நிமிடத்திலேயே காது சலித்துவிடும். பிளாக் கன்ட்ரி, நியூ ரோடு என்ற இங்கிலாந்துக் குழுவின் இரண்டாவது ஆல்பமான ‘ஆன்ட்ஸ் ஃப்ரம் அப் தேர்’ அந்த ஆபத்தைத் தாண்டிய விதம் அபாரம். யார் என்ன வாசிக்கிறார்கள் என்பதைக் காட்டிலும், யார் எவ்வளவு நேரம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள் என்பதுதான் இதில் முக்கியம். அதைக் கவனிக்க ஆரம்பித்துவிட்டால் இந்த ஆல்பத்தைச் சும்மா ஓடவிட்டு வேறு வேலை பார்க்க முடியாது.

2022 பிப்ரவரி 4 அன்று நின்ஜா ட்யூன் நிறுவனம் வெளியிட்டது. பத்துப் பாட்டு, ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. பிரிட்டன் ஆல்பம் பட்டியலில் 3-ம் இடம் வரை போனது. பன்னிரண்டு நிமிடப் பாட்டோடு முடிகிற எக்ஸ்பெரிமென்டல் ராக் ஆல்பத்துக்கு அது சாதாரண விஷயம் இல்லை.

சரியாக ஓராண்டு முன்னால், 2021 பிப்ரவரியில் வந்த முதல் ஆல்பம் ‘ஃபார் த ஃபர்ஸ்ட் டைம்’ வேறு மாதிரி. ஆறே பாட்டு, 40 நிமிடம். கூரான கிதார், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கிளெஸ்மர் இசையை நினைவூட்டும் சாக்ஸபோன்-வயலின் இழைகள், அதன் மேல் குழுவின் பாடகர் ஐசக் வுட் பாடாமல் பேசிக்கொண்டே போவார். குரலில் ஒரு நடுக்கமும் கோபமும் இருக்கும். இரண்டாவது ஆல்பத்தில் அவர் பாட ஆரம்பித்துவிட்டார். இந்த ஒரு மாற்றம் மற்ற ஆறு பேரின் வேலையையும் மாற்றிவிட்டது. பேச்சுக்குப் பின்னால் பதற்றத்தை மூட்டினால் போதும். பாட்டு என்றால் மெட்டைத் தாங்க வேண்டும், மூச்சு விட இடம் கொடுக்க வேண்டும், வரி முடியும்போது கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். டைலர் ஹைடின் பேஸ், மே கெர்ஷாவின் பியானோ, ஜார்ஜியா எல்லரியின் வயலினும் மாண்டலினும், லூயிஸ் எவன்ஸின் சாக்ஸபோனும் புல்லாங்குழலும், லூக் மார்க்கின் கிதார், சார்லி வெய்னின் டிரம்ஸ் எல்லாமே இங்கே அந்தக் குரலைச் சுற்றித்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன.

பதிவு நடந்தது 2021 கோடையில், ஐல் ஆஃப் வைட் தீவிலுள்ள சேல் ஆபி ஸ்டுடியோவில். தயாரிப்பாளர் செர்ஜியோ மாஷெட்ஸ்கோ இவர்களுடைய மேடை நிகழ்ச்சிகளுக்கு ஒலி பார்த்தவர். மேடையில் இந்த ஏழு பேர் எப்படி ஒலிப்பார்கள் என்று தெரிந்த ஒருவரிடம் பதிவை ஒப்படைத்தது சரியான முடிவு. ஆல்பம் முழுக்க ஒரே அறையின் காற்று இருக்கிறது. வயலின் தனியாகப் பளபளவென்று முன்னால் வந்து நிற்காது. பியானோ நாற்காலியின் கிறீச்சல்கூடக் கேட்டுவிடுமோ என்று தோன்றும் அளவுக்கு நெருக்கம்.

அட்டைப்படத்தில் பிளாஸ்டிக் பைக்குள் அடைத்த ஒரு பொம்மை விமானம். சைமன் மங்க் வரைந்த ஓவியம் அது. ஆல்பத்தின் பாட்டுகளில் வரும் விமானமோ கான்கார்ட். பிரிட்டனும் பிரான்ஸும் சேர்ந்து கட்டி, 1976 முதல் 2003 வரை பயணிகளை ஒலியை மிஞ்சும் வேகத்தில் ஏற்றிச்சென்ற விமானம். போட்ட பணம் திரும்பாது என்று தெரிந்த பிறகும் இரு அரசுகளும் நிறுத்தாமல் பணத்தைக் கொட்டியதால், இனி தேறாத காரியத்தில் ‘இவ்வளவு போட்டாச்சே’ என்று மேலும் மேலும் போடும் மனநிலைக்கே பொருளாதாரத்தில் கான்கார்டின் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆல்பத்தின் மையக் கதையும் அதுதான். பாட்டுக்காரர் தேறாத ஒரு காதலில் தன்னைக் கொட்டிக்கொண்டே இருக்கிறார். மூன்றாம் பாட்டின் தலைப்பாக வரும் கான்கார்ட், பத்தாம் பாட்டில் அவர் அறைக்குள்ளேயே பறந்து வீட்டைக் கிழித்துப்போடுகிறது. அதே பாட்டின் முடிவில் காதலியின் அன்பை அவர் கடன் என்றும் வட்டி என்றும் பேசுகிறார். இந்த ஒரு சாவி கையில் இருந்தால், புதிர் போலத் தோன்றும் பாதி வரிகள் தாமாகவே திறந்துகொள்ளும்.

முதலில் வரும் ‘இன்ட்ரோ’ 54 விநாடிதான். சாக்ஸபோனும் வயலினும் பியானோவும் ஒரு சிறிய இழையை வேகமாகச் சுழற்றுகின்றன. இந்த இழையை மனதில் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும், கடைசியில் தேவைப்படும். அடுத்து ‘கேயாஸ் ஸ்பேஸ் மரீன்’. சுமார் மூன்றரை நிமிடத்தில் வேகம் பலமுறை மாறுகிறது. நிற்கிறது, குதிக்கிறது, திடீரென்று கப்பல் பாட்டு போல ஆடுகிறது. உற்சாகமான பாட்டுதான். ஆனால் இதைக் கேட்டுவிட்டு ஆல்பம் முழுக்க இப்படியே துள்ளும் என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள்.

ஆல்பத்தின் நிஜமான தொடக்கம் ‘கான்கார்ட்’. ஆறு நிமிடம். முதல் பகுதியில் மெல்லிய கிதாரும் மாண்டலினும் மட்டும் குரலுக்குத் துணை. டிரம்ஸ் வந்த பிறகும் அடக்கித்தான் வாசிக்கிறது. பல்லவி வரும்போது பெரிதாக வெடிக்கும் என்று காது எதிர்பார்க்கும். வெடிக்காது. இரண்டாம் முறையும் கொஞ்சம் கூடிவிட்டு அடங்கிவிடும். பிறகு எல்லாம் வடிந்து கிட்டத்தட்ட குரல் மட்டும் மிஞ்சுகிற ஒரு இடம் வருகிறது. அதற்கு அப்புறம்தான் ஏழு பேரும் ஒன்றாக இறங்குகிறார்கள். அந்தக் கடைசி எழுச்சி பெரிதாகத் தோன்ற ஒலியின் அளவு மட்டும் காரணம் இல்லை. அதற்கு முன் இரண்டு முறை நமக்கு மறுக்கப்பட்டதும் சேர்ந்துதான் அந்த எடை. பாட்டின் பொருளும் அதுவே. காத்திருந்தவனுக்கு ஒரு கணம் கிடைக்கிறது, உடனே முடிந்துவிடுகிறது.

அடுத்த ‘பிரெட் சாங்’ இந்த ஆல்பத்தின் துணிச்சலான பாட்டு. முதல் பாதியில் தாளமே கிடையாது. அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக்கின் ‘மியூசிக் ஃபார் 18 மியூசிஷியன்ஸ்’ படைப்பில் சில இடங்களில் ஒரு ஸ்வரக்கூட்டு எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதைக் கிளாரினெட் வாசிப்பவரின் மூச்சு தீர்மானிக்கும். அதை ராக் குழுவுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று இவர்கள் முயன்று பார்த்திருக்கிறார்கள். யாரும் எண்ணுவதில்லை, சைகையும் பெரிதாகக் கிடையாது. வுட் ஒரு வரியை இழுத்து முடிக்கும்வரை மற்றவர்கள் அந்த ஸ்வரத்தின் மேல் நடுங்கிக்கொண்டு நிற்கிறார்கள், பிறகு ஒன்றாக அடுத்ததற்கு நகர்கிறார்கள். கூர்ந்து கேட்டால் அந்த நகர்வு இம்மி பிசகாத ஒற்றுமை இல்லை என்பது தெரியும். ஒருவர் நூலிழை முந்துகிறார், ஒருவர் பிந்துகிறார். அந்தப் பிசிறில்தான் பாட்டுக்கு உயிர். எண்ணி வாசித்திருந்தால் செத்த பாட்டாகியிருக்கும். பிற்பாதியில் டிரம்ஸ் சிறிய, உலர்ந்த தட்டல்களோடு உள்ளே வரும்போது, தாளம் என்பது இவ்வளவு பெரிய ஆறுதலா என்று தோன்றும். படுக்கையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைப் பற்றிய பாட்டு இது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பெரிய மௌனத்தைக் கட்டத் தைரியம் வேண்டும்.

‘குட் வில் ஹன்டிங்’ இந்த வரிசையில் கொஞ்சம் தளர்ந்த இடம். கீபோர்டில் வரும் சிறு மெட்டு கவர்ச்சியாக இருக்கிறது, முடிவின் ஆரவாரமும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மற்ற பாட்டுகளில் இருக்கும் காத்திருப்பு இதில் இல்லை. சீக்கிரம் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ‘ஹால்டர்ன்’ ஜெர்மனியின் ஹால்டர்ன் பாப் விழாவில் 2020-ல் வாசித்தபோது மேடையிலேயே பிறந்தது, பெயரும் அங்கிருந்து வந்தது. பியானோ இழை வட்டமாகச் சுற்ற, மற்றவை அதன் மேல் மெதுவாகப் படிகின்றன. ‘மார்க்ஸ் தீம்’ சொற்கள் இல்லாத மூன்று நிமிடத்துக்கும் குறைவான பாட்டு. கோவிட்டில் இறந்த தன் உறவினருக்காக எவன்ஸ் எழுதியது. சாக்ஸபோனில் காற்று கசியும் ஒலிகூட வெட்டப்படவில்லை. அடுத்து வரும் மூன்று பாட்டும் சேர்ந்தால் ஏறக்குறைய அரை மணி நேரம். அதற்கு முன் இந்த அமைதி அவசியம்.

‘த பிளேஸ் வேர் ஹீ இன்சர்ட்டட் த பிளேடு’ என்ற பாட்டில் தலைப்பு மட்டும்தான் பயமுறுத்தும். உள்ளே இருப்பது பியானோவும் புல்லாங்குழலும் சூழ்ந்த, ஆல்பத்திலேயே இதமான மெட்டு. வேறு யாருக்காவது மதியச் சாப்பாடு செய்யப்போனாலும் நினைப்பு அவளிடமே போய்விடுகிறது என்கிற ஒருவனின் பாட்டு. ஏழு நிமிடத்தில் அதே பல்லவி திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொரு முறையும் ஒரு கருவி கூடுகிறது. முதல் முறை பியானோ எங்கே இருந்தது, கடைசி முறை எங்கே போய் நிற்கிறது என்று மட்டும் பார்த்தால் போதும், குழுவின் அடுக்கும் முறை முழுதும் பிடிபட்டுவிடும்.

‘ஸ்னோ குளோப்ஸ்’ பற்றித்தான் ரசிகர்களுக்குள் சண்டை. ஒன்பது நிமிடம். முதல் மூன்று நிமிடத்தில் சின்னஞ்சிறு கிதார் இழை ஒன்று மாறாமல் ஓட, வயலினும் சாக்ஸபோனும் அதன் மேல் ஒவ்வொன்றாக வந்து அமர்கின்றன. மெட்டு விளம்பகாலத்தில் அமைதியாக நடக்கிறது. பிறகு டிரம்ஸ் கிளம்புகிறது. மெட்டோடு ஒட்டாமல், அதன் வேகத்தையும் மதிக்காமல், சார்லி வெய்ன் தனி ஆவர்த்தனம் போல உருட்டித் தள்ளுகிறார். மற்ற ஆறு பேரும் ஒன்றுமே நடக்காதது போல அதே காலப்பிரமாணத்தில் போய்க்கொண்டிருக்கிறார்கள். வுட் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார். கர்நாடக இசையின் நிரவலில் வரி அப்படியே இருக்க, பாடகர் ஸ்வரங்களை மாற்றி மாற்றி விரிப்பார் அல்லவா. இங்கே வரியும் மாறவில்லை, ஸ்வரமும் பெரிதாக மாறவில்லை, சுற்றியுள்ள வானிலைதான் மாறுகிறது. பனிக்கோளம் என்ற தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு கிடையாது. உள்ளே பொம்மை வீடு அசையாமல் நிற்கிறது, வெளியிலிருந்து யாரோ குலுக்குகிறார்கள்.

குறை சொல்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. மிக்ஸிங்கில் டிரம்ஸ் குரலை மூழ்கடிக்கிறது. சிறிய ஸ்பீக்கரில் டிரம்ஸின் உலோகத் தட்டான சிம்பலின் இரைச்சல் மட்டும்தான் மிஞ்சும். இது தவறி நடந்த பிழை இல்லை, குரல் மூழ்க வேண்டும் என்பதுதான் திட்டம். ஆனாலும் சிம்பலின் உச்சியை இன்னும் கொஞ்சம் தணித்திருந்தால் வயலினையும் தொடர்ந்து பின்பற்ற முடிந்திருக்கும். முதல் தடவை கேட்கும்போது டிரம்ஸைத் துரத்தாமல் கிதாரை மட்டும் பிடித்துக்கொண்டு போவது நல்லது. அது எங்கும் போகாது. அதைப் பிடித்திருந்தால் புயல் புரியும்.

கடைசியில் ‘பாஸ்கெட்பால் ஷூஸ்’, பன்னிரண்டரை நிமிடம். ஆல்பத்தின் மற்ற பாட்டுகளுக்கு விதை போட்ட பாட்டு இது. மெதுவான தொடக்கம், நடுவில் நடைபோடும் பகுதி, பிறகு கனமான மூன்றாம் பகுதி. ‘இன்ட்ரோ’வில் கேட்ட இழை வேறு வேகத்தில், வேறு எடையோடு இங்கே திரும்புகிறது. முதலில் அலங்காரமாகத் தோன்றியது இப்போது அழுகையாக மாறியிருக்கிறது. ஒரு மணி நேரமாக அடக்கி வாசித்தவர்கள் இந்த ஒரு இடத்தில் எதையும் மிச்சம் வைக்காமல் வாசிக்கிறார்கள், வுட் தொண்டை கிழியப் பாடுகிறார். இதை மட்டும் தனியாக எடுத்துக் கேட்டால் நீளமான, உரத்த பாட்டு என்றுதான் தோன்றும். ஒன்பது பாட்டுகளைத் தாண்டி வந்து கேட்டால் கதையே வேறு.

கேட்கும் முறையில் சில தவறுகள் இந்த ஆல்பத்தைக் கெடுத்துவிடும். முதலாவது, பாட்டுகளைக் கலைத்துப்போட்டுக் கேட்பது. ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகள் எல்லாப் பாட்டையும் ஒரே ஒலி அளவுக்குக் கொண்டுவரும் அமைப்பை வைத்திருக்கின்றன. ஆல்பத்தை வரிசையாக ஓடவிட்டால் முழு ஆல்பத்துக்கும் சேர்த்து ஒரே அளவில் கூட்டிக் குறைக்கும், பாட்டுகளுக்கு இடையிலான ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கும். கலைத்துப்போட்டாலோ வேறு பட்டியலில் சேர்த்தாலோ ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாகச் சரிசெய்யும். மெல்லிய பாட்டு மேலே ஏறும், உரத்த பாட்டு கீழே இறங்கும், இந்த ஆல்பம் கட்டிவைத்த படிக்கட்டு இடிந்துவிடும். முடிந்தால் அந்த அமைப்பையே அணைத்துவிடலாம். ஒரு பாட்டின் வாலையும் அடுத்ததன் தலையையும் ஒட்டவைக்கும் கிராஸ்ஃபேடையும் பூஜ்யத்தில் வைக்க வேண்டும்.

ஒலி அளவை ‘பிரெட் சாங்’கின் தொடக்கத்தை வைத்து நிர்ணயிக்கக் கூடாது. அங்கே வசதியாகக் கேட்கும்படி வைத்தால் ‘பாஸ்கெட்பால் ஷூஸ்’ காதைப் பதம்பார்க்கும். ‘கான்கார்ட்’ பாட்டின் கடைசி நிமிடத்தை முதலில் ஓட்டிப் பார்த்து, அது நிறைவாகவும் வலிக்காமலும் இருக்கும் அளவில் வைத்துவிட்டு, தொடக்கத்துக்குப் போய் அப்புறம் கை வைக்காமல் கேட்கலாம். மெல்லிய பகுதிகள் அப்போது நிஜமாகவே மெல்லியதாக இருக்கும். அதனால் அறை அமைதியாக இருக்க வேண்டும், பேருந்திலும் நடையிலும் கேட்டால் பாதி ஆல்பம் காணாமல் போகும்.

போன் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். பேஸ் கிதாரின் தடித்த தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது, அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அதன் பக்கத்தில்கூடப் போக முடியாது. ‘ஹால்டர்ன்’ போன்ற பாட்டில் பேஸ் இல்லாவிட்டால் மேலே படியும் கருவிகள் எதன் மேல் நிற்கின்றன என்றே தெரியாது. நடுத்தர ஹெட்போன் போதும். ஆனால் செயலியில் ஒலித்தரத்தை உச்சத்தில் வைக்க வேண்டும். தரம் குறைந்த கோப்பில் முதலில் சிதைவது சிம்பல்தான், ‘ஸ்னோ குளோப்ஸ்’ அப்போது தண்ணீர் கொதிப்பது போல ஒலிக்கும்.

வினைல் இசைத்தட்டு வாங்குபவர்களுக்கு: இரண்டு தட்டு, நான்கு பக்கம். பக்கத்துக்குச் சராசரியாகக் கால் மணி நேரத்துக்கும் குறைவு என்பதால் பள்ளங்களை அகலமாக வெட்ட இடம் கிடைக்கிறது, ஒலிக்கு அது நல்லது. மூன்று முறை எழுந்து திருப்ப வேண்டியிருப்பதுதான் விலை. நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் தட்டின் வெளிவிளிம்பில் ஊசிக்கு அடியில் விநாடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடும், உள்ளே போகப்போக அது 20-ஐ நெருங்கிவிடும். அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் அடைபடுவதால் பக்கம் முடியும் இடங்களில் உரத்த ஒலி கரகரக்கும். ஊசியும் அதன் கோணமும் சரியாக இல்லாவிட்டால் ஆல்பத்தின் கடைசி நிமிடங்கள் அங்கேதான் மாட்டும். தட்டைத் துடைத்துவிட்டுப் போடுவதும் முக்கியம், ‘பிரெட் சாங்’கின் மௌனத்தில் ஒவ்வொரு தூசியும் பேசும்.

வுட்டின் குரல் எல்லாருக்கும் ஒத்துவராது. நடுங்கும், விம்மும், சுருதியின் விளிம்பில் தொங்கும். அது பிடிக்காதவருக்கு இசையமைப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயன் இல்லை. சோதித்துப் பார்க்க ‘கான்கார்ட்’ ஒன்றே போதும். பிடித்தால் அடுத்து ‘த பிளேஸ் வேர் ஹீ இன்சர்ட்டட் த பிளேடு’, பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்கி முதலிலிருந்து முடிவு வரை. பாடகி பில்லி ஐலிஷ் பெயரும் விளையாட்டுப் பொம்மைகளின் பெயரும் வரிகளில் வந்து போகும். அவற்றுக்கு அகராதி தேடி உட்கார வேண்டியதில்லை, ஒருவன் தன் அறையில் கண்ணில் பட்டதையெல்லாம் காதலின் சாட்சியாக இழுத்துவைக்கிறான் என்று எடுத்துக்கொண்டால் போதும்.

ஆல்பம் வெளிவர நான்கு நாள் இருக்கும்போது, 2022 ஜனவரி 31 அன்று, மன உளைச்சலால் கிதார் வாசித்துக்கொண்டு பாட முடியவில்லை என்று சொல்லி வுட் குழுவிலிருந்து விலகினார். மீதி ஆறு பேரும் இந்தப் பாட்டுகளை வேறு குரலில் மேடையேற்றாமல் புதிதாக எழுதத் தொடங்கினார்கள். அந்தப் பாட்டுகள் 2023-ல் ‘லைவ் அட் புஷ் ஹால்’ என்று வந்தன. 2025 ஏப்ரலில் வந்த ‘ஃபாரெவர் ஹவ்லாங்’ ஆல்பத்தில் எல்லரி, ஹைடு, கெர்ஷா மூவரும் பாடுகிறார்கள். ஆக, இந்தப் பத்துப் பாட்டும் வாழ்வது இந்தப் பதிவில்தான். டீலக்ஸ் பதிப்பில் லண்டன் குவீன் எலிசபெத் ஹால் நிகழ்ச்சியும் சேர்ந்து வருகிறது. வாங்குவதானால் அதையே வாங்கலாம். ஸ்டுடியோவில் இவ்வளவு அளந்து வாசிப்பவர்கள் மேடையில் எந்த இடத்தில் கைவிட்டு ஓடுகிறார்கள் என்று பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் கேட்க அது நல்ல வழி.